பத்து நொடி

'இந்தக் கணினிக்குத் தகுதி இல்லை' என்றது திரை,
மரியாதையாகத்தான்.
வாங்கி ஏழு வருடம்.
புதிதாக வாங்க வேண்டுமென்றால்
என் மூன்று மாதச் சம்பளம்:
இரவு முழுக்க சால்மனில் முள் பிடுங்கி,
கையுறைக்குள் விரல்கள் மரத்துப்போய்.

தகுதி!
அன்செல்மோவின் முழங்காலுக்கும்
அப்படி ஒரு கடிதம் வந்தது,
படகுக் கம்பெனியிலிருந்து.

முள் பிடுங்கும் வரிசையில் எனக்கு அடுத்து நிற்பவள் யாஸ்னா.
புவேர்த்தோ மோன்ட் மழையில்
தொப்பிக்குள் ஒரு பென்டிரைவை மறைத்து வந்தாள்.
"எவ்வளவு?"
"காசு இல்லை."
"யாருடையது?"
"யாருடையதும் இல்லை. உன்னுடையதும்தான்."
இப்படி யாராவது பேசினால்
என் கை தானாகப் பர்ஸைத் தொட்டுப் பார்க்கும்.

சின்னம் பென்குயின் என்றதும்
அடுப்பில் விறகு தள்ளிக்கொண்டிருந்தவன் திரும்பினான்.
"பன்னிரண்டு வருடம் கடலில் இருந்தவன் நான்.
அந்தப் பறவை இருக்கும் தீவு
கண்ணுக்கு வருமுன் மூக்குக்கு வந்துவிடும்."

'எல்லாவற்றையும் அழிக்கவா?' என்று கேட்டது.
அவனுடைய சீட்டாட்டம் உள்ளே இருந்தது.
கூலி பாக்கிக்காக வழக்காடிய காகிதங்களும்.
யாஸ்னா வட்டின் நடுவே கோடு கிழித்தாள்:
இந்தப் பாதி அவனுக்கு, அந்தப் பாதி உனக்கு.
பதினெட்டு வருடத்தில்
இத்தனை நேரான கோடு
நாங்கள் போட்டதில்லை.

அதிலிருந்து தினமும்
கறுப்புத் திரையில் இரண்டே வரி.
பத்து, ஒன்பது, எட்டு...
யாரும் எதையும் தொடாவிட்டால் முதல் வரி திறக்கும்.
முதல் வரி என்னுடையது
(அதற்கு ஒரு ராத்திரி பேசாமல் இருந்தோம்).
அவன் அந்தக் காலை வைத்துக்கொண்டு
சமையலறையிலிருந்து ஓடி வருவான்,
கீழம்பை அழுத்த.

பிரிண்டர் இரண்டு ஞாயிறு முகம் கொடுக்கவில்லை.
"உன் பறவை எழுதாதோ?" என்றான்.
யாஸ்னா வந்து ஏதோ ஒரு வரி தட்டிவிட்டுப் போனாள்; அப்போதும் அசையவில்லை.
நான் வேலையிலிருந்த ஒரு விடியலில், நாலு மணிக்கு,
தானே விழித்துக்கொண்டு
விறகு ரசீதைப் பதினோரு பிரதி துப்பியிருக்கிறது.
நான் வந்தபோது
கையில் கட்டையோடு நின்றிருந்தான் அன்செல்மோ.

ஜூலையில் ஒரு காலை.
ஐந்து, நான்கு.
வாயில் பாதி ரொட்டி.
மூன்று.
எழுந்திருக்கப் போனவன்
எழவில்லை.
என் பக்கம் திறந்தது.
நான் ஜன்னலைப் பார்த்தேன், மழையைப் பார்ப்பவள்போல.

சீட்டாட்டம் இங்கேயும் இருந்தது.
"சீட்டின் முதுகு பச்சையாக இருக்கிறதே"
என்பது மட்டும்தான் புகார்.

எங்கள் ஏற்றத்தெருவில் இப்போது ஐந்து வீடு.
எம்பனாடா விற்கும் நோர்மாவிடமிருந்து
பென்டிரைவ் திரும்பி வந்தபோது
அதன் மூடிக்குள் மாவு.

"அந்த இரண்டாம் வரியை எடுத்துவிடலாமே" என்றாள் யாஸ்னா.
"இருக்கட்டும்" என்றான்,
காலை நீட்டி உட்கார்ந்தபடி,
"பத்து நொடி
ஒருவரும் என்னை எழுந்து வா என்று சொல்வதில்லை."