கை எடுக்கக் கூடாது

ஜூன் மாதச் சுற்றறிக்கையை டைரியில் ஒட்டி அனுப்பியிருந்தார்கள்:
மூன்றாம் வகுப்பிலிருந்து கர்சிவ் கட்டாயம்.
நாலு கோடு நோட்டு எட்டு.
பள்ளியிலேயே வாங்க வேண்டும்,
ஒன்று நாற்பது ரூபாய்.

கூட்டத்தில் ஒரு அப்பா எழுந்து
இப்ப யாரு மேடம் கையால எழுதுறாங்க என்றார்.
மூளை வளரும் என்றார் தலைமையாசிரியை.
மீதியை மின்விசிறி தின்றுவிட்டது.
நானும் ஒன்று கேட்க நினைத்துக்
கையைப் பாதி தூக்கி
தலையைச் சொறிந்துகொண்டேன்.

இங்கிலீஷ் தெரியாதவனில்லை நான்.
சூளையில் பதினோரு வருடமாகக் கூரியர் பிரிக்கிறேன்.
டவுட்டன், டிமெல்லோஸ் ரோடு, பெரம்பூர் பேரக்ஸ் ரோடு,
பார்த்த மாத்திரத்தில் அந்தந்தப் பைக்குள் எறிவேன்.
எல்லாம் அச்சடித்த எழுத்து.
ரேஷன் வரிசை மாதிரி
ஒன்றின் பின்னால் ஒன்று நிற்கும்.
என் மகள் எழுதுவதோ
சாயங்காலம் ஆறு மணிக்கு
பேசின் பிரிட்ஜ் தாண்டும் மின்ரயில்;
யார் கை யார் தோளில் என்று தெரியாது.

"வார்த்தை முடியற வரைக்கும்
கையை எடுக்கக் கூடாதுபா."
நாக்கைக் கடித்துக்கொண்டு எழுதுகிறாள் பெனிட்டா.
நடுவிரல் ஓரத்தில்
பட்டாணி அளவுக்குக் காய்ப்பு.

வெள்ளிக்கிழமை வயிற்றுவலி என்று படுத்தாள்.
மதியம் மூன்று பரோட்டா சாப்பிட்டாள்.
திங்கள் காலை ஒரு தாளை நீட்டினாள்.
"லீவ் லெட்டர். சைன் போடு."
யார் எழுதினது?
"நீதான்."

பிளேடு வாங்கப் போவதுபோல்
மெடிக்கலுக்கு எடுத்துப் போனேன்.
ஸ்டான்லி டாக்டர்கள் கிறுக்குவதையே
கண்ணாடி போடாமல் படிப்பவர் ஜாபர் பாய்.
"என் மகள் கடும் காய்ச்சலால் அவதிப்படுவதால்...
தயவுகூர்ந்து...
இப்படிக்குத் தங்கள் உண்மையுள்ள..."
கொஞ்சம் நிறுத்தினார்.
"இது உன் பேருப்பா, எபினேசரு."

என் பேரா?
ஆதாரில் அது எட்டு செங்கல்.
இங்கே நாலு ஈயும் கை கோத்துக்கொண்டு போக
இசட் மட்டும் கோட்டுக்குக் கீழே காலை நீட்டி
எதையோ துழாவிவிட்டு
மேலே ஏறிவந்து சேர்ந்துகொண்டது.
முப்பத்தெட்டு வயதில்
என் பேர் நடந்து போவதைப் பார்த்தேன்.

கூட்டத்தில் கேட்க நினைத்தது இதுதான்:
அவளுக்குச் சேர்க்கச் சொல்லித் தருகிறீர்கள்,
பிரித்து வாசிக்க
எனக்கு எந்த பீரியட்?

திரும்பி வந்து நெற்றியைத் தொட்டேன். சூடில்லை.
முடிக்காத பதினாறு பக்கம் பைக்குள் இருந்தது.
கேட்கவில்லை.
போட்டேன் கையெழுத்து, தமிழில்.
எ. பி. னே. ச. ர.
ஒவ்வொன்றுக்கும் கை எடுத்து,
கடைசியில் புள்ளிக்கென்று இன்னொரு தடவை.
"எத்தனை தடவை எடுக்கிறே" என்று முகம் சுளித்தாள்.

சாயங்காலம் அதே தாள் திரும்பி வந்தது.
என் பேருக்குக் கீழே சிவப்பு மையில்
இரண்டரை வரி, ஒரே இழுப்பு.
ஜாபர் பாய் டியூப்லைட்டுக்கு நேராகப் பிடித்தார்,
கண்ணாடியைத் தேடிப் போட்டார்.
"டாக்டர்னா சொல்லிடுவேன்பா. இது டீச்சரு."

பெனிட்டா விரலை ஓட்டிப் படித்தாள், மனதுக்குள்.
பிறகு தாளை நாலாக மடித்தாள்.
"குட்-னு போட்டிருக்காங்கபா."
இரண்டரை வரியிலா?
"மீதியெல்லாம் வெரி.
வெரி வெரி வெரி."