கொடுவாய்

திருப்பூர் பஸ் ஸ்டாண்டில் கண்டக்டர்
கொடுவாய் கொடுவாய் என்று கூவும்போதெல்லாம்
தாராபுரம் ரோட்டில் இருக்கிற எங்கள் ஊரை
யாரோ கிலோக் கணக்கில் விற்கிற மாதிரி இருக்கும்.

அந்தப் பேரில் ஒரு மீன் உண்டென்பது
முப்பத்தொரு வயசு வரை எனக்குத் தெரியாது.
சொன்னவன் ஓவர்லாக் ரெஜினால்டு.
ஆற்றுத் தண்ணியும் கடல் தண்ணியும் முட்டுகிற இடத்தில்
பாலத் தூணுக்குப் பின்னால் நிற்குமாம்.
வாய் பெருசு அக்கா,
பொறுமை அதைவிடப் பெருசு.

பல்லடத்துக் கோழிப்பண்ணை வாசலில்
வெள்ளை இறகு பொறுக்கினேன்.
வேஸ்ட் துணியைப் பிரித்துச் சிவப்பு நூல்.
ஈயக்குண்டின் கழுத்தில் இறுக்கிக் கட்டி
நகச்சாயம் தொட்டுக் கண் வைத்தேன்.
"ஏனுங் அம்மிணி, பொம்மையா?" என்றாள் எதிர்வீட்டு ராசாமணி.
ஆமாங் என்றேன். வேறென்ன சொல்ல?

மார்கழியில் எங்கள் காற்றுக்குக்
கிழக்கேயிருந்து மேற்கே ஒரே வழி.
சோளத்தட்டைத் தலை கலைத்து
காற்றாலைகளைச் சும்மா ஒரு சுற்றுச் சுற்றி
வாளையார்க் கணவாயில் நுழைந்து
அந்தப் பக்கம் கடலில் போய் விழும்.
சனிக்கிழமைச் சம்பளத்தோடு ராவெல்லாம் பஸ் ஏறி
விடியக்காலம் பொன்னானி மணலில் நின்றால்
முதுகில் அடிப்பது நம்மூர்க் காற்று.
அலை படுத்துக் கிடக்கும்.
எறிந்தது இன்னும் பத்துக் கெஜம் தள்ளிப் போகும்.

போன குளிருக்கு ஐந்து தடவை போனோம்.
கிடைத்தது ஒரே ஒரு கிழங்கான்.
தெருவில் பாதிப் பேர் மலைக்கு மாலை போட்டிருந்தார்கள்.
ராத்திரி பதினொன்றுக்கு
மொட்டை மாடியில் கரண்ட் அடுப்பை வைத்து
சாம்பிராணி கொளுத்திக்கொண்டே பொரித்தேன்.
அத்தனை பயந்து எதையும் தின்றதில்லை.
அத்தனை ருசியாகவும்.

இந்த வாரம் கப்பலுக்குச் சரக்கு.
சனி ராத்திரியும் ஷிப்டு.
ஞாயிறு மத்தியானம் விட்டபோது
கடலுக்குப் போக நேரமில்லை, தூங்க மனசில்லை.
நொய்யல் தடுப்பணைக்கு வண்டியை விட்டான் ரெஜினால்டு.

தண்ணியைத் தொட்டு நாக்கில் வைத்தான்.
துப்பினான்.
மறுபடி வைத்தான்.
உப்புதான் அக்கா.

எனக்குத் தெரியாதா?
சாயப்பட்டறையில் எங்கண்ணன்
மூட்டை மூட்டையாய் உப்புப் பிரித்துக் கொட்டியவன்.
தூத்துக்குடியிலிருந்து லாரியில் வந்த கடல்
பனியனில் சிவப்பையும் நீலத்தையும் பிடிக்க வைத்துவிட்டு
இந்த வழியாகத்தான் போனது.
எங்கள் கிணறும் அன்றைக்குக் கெட்டதுதான்.
தென்னை மூன்று செத்தது.
அதை நினைத்துக்கொண்டே எறிந்தேன்.
சொன்னால் கேவலம், கை சிரித்தது.

காற்று முதுகில்.
ஈயம் ஆகாயத்தாமரையைத் தாண்டி விழுந்தது.
சுற்றினேன். ஒரு கிழிந்த கைத்துண்டு, கருநீலம்.
சுற்றினேன். ஒன்றுமில்லை.
மூன்றாவது எறிதலில்
நரம்பு நின்றது.
பிறகு பக்கவாட்டில் நடந்தது.
பாசி நடக்காது. துணி நடக்காது.
கோலின் நுனி ரெண்டு தரம் தண்ணியைத் தொட்டது,
ரெஜினால்டு மாதாவே என்றான்,
நான் என்ன சொன்னேனென்று ஞாபகமில்லை.
விட்டுவிட்டது.

இழுத்துப் பார்த்தோம்.
முள் நிமிர்ந்திருந்தது.
இறகில் பாதி இல்லை.

ஜிலேபிக் கெண்டையாக இருக்கும் என்றான்.
ஜிலேபி முள்ளை நிமிர்த்துமா என்றேன்.
கல்லாக இருக்கும் என்றான்.
கல்லு நடக்குமா?
பதில் சொல்லாமல் வண்டியை உதைத்தான்.

திங்கட்கிழமை செக்கிங் டேபிளில்
கைக்குழந்தை அளவுச் சட்டை ஒன்றை
லைட்டுக்கு நேரே தூக்கிப் பிடித்தார் சூப்பர்வைசர்.
தோள்பட்டைத் தையலில் ஒரு வெள்ளை இழை,
பிய்ந்து, ஈரம் காய்ந்து.
என்னுங்க இது, நூலா?
இறகுங்க.
எப்படி வந்தது என்று கேட்கவில்லை.
டேமேஜ் கூடையில் போட்டார்.

சாப்பாட்டு மணி அடித்ததும் போய் எடுத்தேன்.
சட்டையை அங்கேயே விட்டுவிட்டேன்.