சரியாகத்தான் இருந்தது

மகனுக்கு இறுகிப்போன ஜீன்சின் முன்பக்கத்தை வெட்டி
கருங்கல் தையல்காரன் தைத்துத் தந்த மடிப்பை.
ஜிப்பும் அந்த ஜீன்சில் இருந்ததுதான்.
"பேன்டுக்க வாயிலயா பைசா போடுதா?" என்று
முதல் நாளே சந்தையில் சிரித்தவள் பிலோமினாள்.
பித்தளைப் பல். மூன்று வருடம் உழைத்தது.

இரண்டு மாதமாகக் கணக்கு இடித்தது.
சாளை விற்ற அன்று முப்பது குறையும்,
அயிலைக்கு நாற்பத்தைந்து.
வாவல் கிடைத்த ஒரு திங்கட்கிழமை
நோட்டே ஒன்று இல்லை.

திங்கள்சந்தையில் எனக்கு இடப்பக்கம் ஓடை,
வலப்பக்கம் பிலோமினாள்.
ஒதுங்கப் போனால்
மடியை அவிழ்த்து அவளிடம்தான் கொடுத்துவிட்டுப் போவேன்.
வேறு யாரைச் சொல்ல?

சொன்னேன்.
அவள் முகத்தைப் பார்த்தல்ல, தராசைப் பார்த்து:
"பக்கத்துல இருக்கது பூனைன்னு தெரியாம
மீனுக்குக் காவல் வச்சேன்."

வெட்டிக்கொண்டிருந்த வாளையை
வெட்டி முடித்தாள்.
கத்தியைக் கழுவினாள்.
அதன்பிறகு பதினொரு நாள்
எங்கள் பலகைகளுக்கு நடுவே
ஒரு சாண் வெறுந்தரை.

நேற்று ராத்திரி
பைசாவை எண்ணிப் போட்டு ஜிப்பை இழுத்தேன்.
மூடியது.
பையைத் தூக்கியதும் ஓர் அஞ்சு ரூபாய் விழுந்து
கட்டிலுக்கடியில் உருண்டு போனது.
திரும்பவும் இழுத்தேன்.
ரன்னர் முன்னால் பல்லைக் கோத்துக்கொண்டே போகிறது,
நாலு விரல் பின்னால்
சத்தமில்லாமல் வாய் பிளக்கிறது.
மேலிருந்து பார்த்தால் பூட்டினதுபோலவே இருக்கிறது.

மகன் மூணு மணிக்குக் கடலுக்குப் போகணும், உறங்குகிறான்.
அவன் எஞ்சின் பெட்டியில் கையை விட்டு
பிளேயரை எடுத்தேன்.
போன் வெளிச்சத்தில்
பல்லிடுக்கெல்லாம் செதிள், பச்சை பிடித்த உப்பு.
புளித்தண்ணீர் விட்டு
பழைய பிரஷ்ஷால் தேய்த்தேன்.

பல்லில் குற்றமில்லை.
ரன்னரின் உதடுதான் அகன்றுவிட்டது.
இடதோரம் ஒரு நெரி, வலதோரம் ஒரு நெரி.
கூடிப்போனது. நின்ற இடத்தைவிட்டு அசையவில்லை.
அடுப்படிக் கத்தியின் முனையால் கொஞ்சம் நெம்பி,
மாதா படத்தின் முன் எரிந்து மிஞ்சிய
மெழுகுதிரித் துண்டால்
மேலும் கீழும் தடவி,
இழுத்தேன்.
மூன்றாம் தடவை போனது.

தலைகீழாகப் பிடித்துக் குலுக்கினேன்.
சில்லறை அவ்வளவும் உள்ளேயே கிலுங்கியது.
அந்தச் சத்தம் எனக்குப் பிடிக்கவில்லை.

குறும்பனையிலிருந்து திங்கள்சந்தை வரைக்கும்
டெம்போ குலுங்கிய குழிதோறும்
எனக்க பைசாதான் கிடந்திருக்கும்.
யாருக்கு யோகமோ.
இன்று காலை அதே டெம்போவில்
அவள் கடலைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள்,
கடல் மறைந்த பிறகும் அதே பக்கம்.
சொல்ல வேண்டியதை நான்
மனசுக்குள் நாலு விதமாகச் சொல்லிப் பார்த்தேன்.

பலகையில் மீனைக் கொட்டியபிறகு சொன்னது இவ்வளவுதான்:
"ஜிப்பு கெட்டுக் கெடந்திருக்கு பிள்ளே.
நாந்தான் பாக்கல்ல."

அவள் நெத்திலிமேல் தண்ணீர் தெளித்தாள்.
"ஆங்" என்றாள்.

"உனக்க பையையும் தா.
செரியாக்கித் தாறேன்."

"எனக்கு முந்தியில ஒரு முடிச்சு போரும்.
அது வாய் பொளக்காது."

எட்டரை மணிக்கு ஒரு வாத்தியார்
அரைக்கிலோ சாளைக்கு ஐந்நூறை நீட்டினார்.
ஜிப்பைத் திறந்து துழாவினேன்,
மூடினேன்.
என்னிடம் சில்லறை இல்லை.
அவளிடம் கேட்கவும் இல்லை.

பிலோமினாள் முந்தியை இழுத்து
முடிச்சைப் பல்லால் அவிழ்த்தாள்.
எண்ணினாள்.
என் கண்முன்னால் பிடித்து மறுபடி எண்ணினாள்.
"நீயும் எண்ணிக்க" என்றாள்.

வாத்தியார் காத்து நின்றார்.
ஈரக்கையைப் பாவாடையில் துடைத்துவிட்டு
ஒவ்வொரு நோட்டாக எண்ணினேன்.

சரியாகத்தான் இருந்தது.