நான்காம் மாடி

முதல் ஏழு நாள் கைகளால்தான் எடுத்தோம்,
வாளியில், போர்வையில், அண்டாவில்.
யாராவது கையை உயர்த்தினால்
தெருவே மூச்சை அடக்கும்,
ஜெனரேட்டரை அணைப்பார்கள்,
ஒருவன் தன் நாயின் வாயைப் பொத்துவான்.
பிறகொரு காலையில்
இனி யாரும் கையை உயர்த்த வேண்டாம் என்றார்கள்.
டீசல் வந்து இறங்கியது.

சோங்குல்டாக்கில் நிலக்கரி அள்ளிய பொக்லைன் இது.
இங்கே கம்பி, கதவு, கம்பளம்,
நசுங்கிய ஃபிரிட்ஜுக்குள் உடையாத ஒரு ஜாடி ஆலிவ்.
எல்லாம் ஒரே லாரியில்.
பதினெட்டு டன், இருபது டன் என்று
எடைச்சீட்டு கிழித்துத் தருகிறார்கள்.

நகை கேட்டு வந்தார்கள்,
பத்திரம் கேட்டு, போட்டோ கேட்டு.
பச்சைக் கோட்டுக்காரி குல்னிஹால் கேட்டது
வாஷிங் மெஷின்.
லாரிக்கார ஹய்ரெத்தின் சிரித்துவிட்டான்:
"அக்கா, அரசாங்கம் புதுசே தரும்."
அவள் அவனைப் பார்க்கவில்லை.
நான்காம் மாடி, குளியலறை, ஜன்னலோரம் என்றாள் என்னிடம்.
நான்காம் மாடி இப்போது
மூன்றாவதுக்கும் ஐந்தாவதுக்கும் நடுவே ஒரு சாண்.

பத்தொன்பதாம் நாள்
வாளியின் பல்லில் வெள்ளைத் தகரம் மாட்டியது.
இறங்கிப்போய்க் கடப்பாரையால் நெம்பினேன்.
உள்ளே துணி
இன்னும் ஈரமாக.

இரவில் மின்சாரம் மலிவு,
பேக்கரி வேலைக்குக் கிளம்பும்போது போட்டேன் என்றாள்.
காலையில் வந்து உலர்த்துவதாக இருந்தாள்.
வேறெதுவும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.
சோப்பு வாசனைக்கு மேல் பூஞ்சை வாசனை.

ஒவ்வொன்றாக எடுத்து உதறினாள்.
பிழிந்தாள், தண்ணீர் சொட்டியது,
சிமெண்ட் தூசியில் கறுப்புப் பொட்டுகளாய்.
பெரிய சட்டை.
பள்ளிக்கூடச் சட்டை, அதே அளவில் இன்னொன்று.
கொடி இல்லை.
நான் ஏறி, பொக்லைன் கையைத்
தோள் உயரத்துக்குத் தாழ்த்தி நிறுத்தினேன்.
பின்னால் மூன்று லாரி ஹாரன் அடித்தது.
ஹய்ரெத்தின் போய் என்ன சொன்னானோ, அடங்கியது.

கடைசியில் டிரம்மின் ஓரத்தில் ஒட்டிக்கிடந்தது
ஒரு காலுறை, என் கட்டைவிரல் நீளம்,
மஞ்சள்.
புரட்டிப் புரட்டிப் பார்த்தாள்.
"எங்களுடையது இல்லை" என்றாள்.
"ஐந்தாம் மாடிக் குழந்தையுடையது.
அவர்கள் கொடியிலிருந்து எங்கள் பால்கனியில் விழும்.
கொடுத்துவிடுங்கள்."

எடைச்சீட்டுகளுக்கு நடுவே வைத்திருக்கிறேன்.
இன்றைக்கும் ஐந்தாம் மாடியைத்தான் அள்ளுகிறோம்.