பதிவேட்டில் காற்று

டிராக்டரை முத்லக் ஓட்டினான்.
சரிவுக்குக் குறுக்கே மட்டம் பார்த்து
ஒரு பள்ளம், கொஞ்சம் தரை, மறுபடி ஒரு பள்ளம் என்று
கலப்பை தானாய் எழும்பி விழுந்து
நிலத்தைக் கிள்ளிக்கொண்டே போனது.
பின்னால் நாங்கள் பதினோரு பெண்கள்,
ஆளுக்கொரு பெட்டி,
பெட்டிக்கு நாற்பது நாற்று.

ஜோர்தானின் கிழக்கே
எங்கள் நிலத்துக்குப் பாதியா என்று பெயர்.
மீதி எங்கே போயிற்று என்று
மழையைத்தான் கேட்க வேண்டும்.
பெய்த கையோடு மண்ணையும் வாரிக்கொண்டு
தார்ச்சாலைப் பக்கம் ஓடிவிடும் மழை.

கறுப்புப் பையை அடியில் கிழித்து
வேர் குலையாமல் இறக்க வேண்டும்.
வெறும் பையை இடுப்பில் செருகிக்கொள்ள வேண்டும்,
செம்மறி தின்றால் குடலில் அடைத்துக்கொள்ளும்.
உப்புச்செடியை ருகல் என்போம்.
இலையை நுனிநாக்கில் வைத்தால்
சாயங்காலத்தில் என் மேலுதட்டின் ருசி.

ரவ்தாவுக்கு நாற்று விடவில்லை, விதைதான்.
காய்ந்த சிறகோடு,
பெருமூச்சு விட்டால் பறந்துவிடும் எடையில்.
"ஒரு வருஷம் தாண்டினால் இதில் உயிர் இருக்காது,
சீக்கிரம் தூவுங்கள்" என்றாள்
நாற்றங்கால் பொறியாளர் ருதைனா.
தூவினோம்.

டிசம்பரில் இரண்டு மழை.
பள்ளங்கள் நிறைந்து, கலங்கி, மெல்ல வற்றின.
பிப்ரவரியில் எண்ணினேன்:
நூற்றுக்கு எழுபத்தொன்று உயிரோடு.
எண்ணுவதற்குத் தனிக் கூலி எனக்கு.

அதன்பிறகு வானம் வாய் திறக்கவில்லை.
பார்லி மூட்டை விலை ஏறியது,
தண்ணீர் லாரிக்காரன் கடன் தருவதை நிறுத்தினான்.
ஹாயில் இருபது ஆடுகளை விற்றான்,
மீதித் தொண்ணூற்றுக்குத் தீவனம் வாங்க.
மூன்று வருஷம் வேலிக்குள் மந்தை நுழையாது என்ற
ஒப்பந்தத்தில் அவன் கையெழுத்தும் இருக்கிறது,
கொஞ்சம் கோணலாக.

அன்றிரவு மணி அடிக்கவில்லை.
அதுதான் என்னை எழுப்பியது.
முன்னாடு நடக்கிறது, நாவில் துணி சுற்றிய மணியோடு;
பின்னால் மற்றவற்றின் குளம்போசை.
ஆணியில் குறடு இல்லை.
நான் எழுந்து போயிருக்கலாம்.
போர்வையை இழுத்துக்கொண்டேன்.
விடிந்ததும் பால் கூடுதலாய் இறங்கியது.
கறந்தது நான்தான்.

மறுபடி எண்ணினேன். பத்தொன்பது.
பதிவேட்டில் காரணத்துக்கு ஒரு கட்டம் உண்டு:
வறட்சி, எலி, கால்நடை, காற்று,
ஏதாவது ஒன்றை எழுத வேண்டும்.
காற்று என்று எழுதினேன்.
ருதைனா படித்தாள்.
அறுந்த கம்பியைப் பார்த்தாள்.
குனிந்து ஒரு புழுக்கையை எடுத்து
விரலிடுக்கில் நசுக்கிப் பார்த்தாள்.
"பலமான காற்றுதான்" என்றாள்.
பிறகு இருவரும் சேர்ந்து கம்பியை முறுக்கிக் கட்டினோம்,
ஹாயிலின் குறடு கொண்டே.

அடுத்த குளிரில் நல்ல மழை.
மொட்டையாய் மேயப்பட்ட ருகல் கட்டைகள்
அடியிலிருந்து சாம்பல்பச்சையாய்த் துளிர்த்தன, எல்லாம் அல்ல.
ரவ்தா நாங்கள் தூவிய இடத்தில் ஒன்றுகூட இல்லை.
விதை செத்திருக்கும், அல்லது எறும்பு.
வேலிக்கு வெளியே,
கூடாரத்துக்குத் திரும்பும் தடத்தில்,
குளம்பு அழுத்திய குழிகளில்
விரல்நீளத்துக்கு ஏதோ நின்றது.
மண்டியிட்டு முகர்ந்தேன். ரவ்தா.
எந்த ஆட்டின் ரோமத்தில் ஒட்டிக்கொண்டு வந்ததோ.
இருபத்துமூன்று.

வெளியே முளைத்ததற்குப் பதிவேட்டில் இடமில்லை.
ஓரத்தில், பென்சிலால், எண்ணை எழுதினேன்.
காரணம்: காற்று.

ஹாயில் மந்தையோடு வந்தான்.
நான் மண்டியிட்ட இடத்தைப் பார்த்தான்,
தரையைப் பார்த்தான்.
ஒன்றும் கேட்கவில்லை.
முன்னாட்டைக் கழுத்தில் தட்டித் திருப்பினான்,
ஓடையின் மேற்கரை வழியாக,
அரைமணி கூடுதலான சுற்றுவழி.
கல்மேட்டுக்கு அப்பால் மறைந்தபிறகும் கேட்டது
மணி.