கத்தரிப்பூ நிறம்

நாச்சியாபுரத்திலிருந்து ஒரே ஆட்டோவில்
நான்கு பேரை ஏற்றினார்கள்.
"குன்றக்குடி மலை வந்திருச்சுடா" என்றபோது
"எங்க?" என்று கேட்டானாம் ஒருவன்.
அதற்குப் பிறகு எதுவும் கேட்கவில்லை.

மூன்று பேர் காரைக்குடி ஆஸ்பத்திரிக்கு வந்தார்கள்.
எனக்கு வந்தது மிச்சம்:
தண்ணீர் பாக்கெட்டில் முடிந்த கால் டம்ளர்.

"தீக்குச்சி கிழிச்சுப் பாத்துட்டுத்தான் குடிச்சோம் மேடம்,
நீலமா எரிஞ்சுச்சு" என்றார் சோணைமுத்து
கூரையை நோக்கி. நான் இடது பக்கம் நின்றிருந்தேன்.

நல்லதும் நீலமாய்த்தான் எரியும்.
கெட்டதும் அப்படியே.
மூக்குக்குத் தெரியாது. நாக்குக்கும்.
தெரிகிற முதல் இடம் கண்,
அதுவும் விடிந்த பிறகு.

ஒரு சொட்டு பெர்மாங்கனேட் விட்டேன்.
அதுவே ஊதா;
அதை முழுக்க வெளுக்க வைக்க வேண்டும்,
இல்லாவிட்டால் நான் ஊற்றிய நிறத்தையே
சாட்சி என்று எழுதிவிடுவேன்.
வெளுத்தது. பிறகு மருந்து.
பிறகு அமிலம், குழாயின் உள்சுவரோடு மெல்ல.
பக்கத்தில் ஒப்புக்கு வைத்த குழாய் சும்மா இருந்தது.
இது கத்தரிப்பூவாய்ப் பூத்தது.

அழகான நிறம்.
வார்டுக்கு ஓடுகையில் அதை மட்டும் சொல்லவில்லை.

மாற்று ஊசி மதுரையில் இருக்கிறது.
வண்டி வர இரண்டு மணி நேரம்.
"அதுவரைக்கும் பிராந்தி வாங்கிட்டு வாங்க,
கடைச் சரக்கு, சீல் உடைக்காதது" என்றார் டாக்டர்.
வள்ளிக்கண்ணு அவரை அடிக்கப் போவதுபோல் பார்த்தாள்.
போன ஆடியில் அதே கடை வாசலில்
விளக்குமாற்றோடு உட்கார்ந்தவள்.
வரிசை தானாக விலகியதாம்.
பில் கேட்டாளாம்.
அந்தக் கடையில் யாரும் கேட்டதில்லையாம்.

மூக்குக் குழாய் வழியே
அளந்து அளந்து இறங்கியது,
ஒரு விஷத்தின் வழியை
இன்னொன்று அடைத்துக்கொண்டு நிற்க.

ஆய்வகக் கதவில் அவள்.
கையில் மூடி, மூடி நிறைய பிராந்தி.
"இதையும் பாத்துச் சொல்லுங்க."
டாக்டர் காத்திருக்கவில்லை, ஏற்கெனவே ஏறுகிறது,
கடைச் சரக்குதான் என்றேன்.
"அவகளும் கடைச் சரக்குன்னுதான் சொன்னாக."

வடித்தேன். வெளுக்க வைத்தேன். அமிலம் விட்டேன்.
ஸ்டூலில் உட்காராமல்
குழாயையே பார்த்துக்கொண்டு நின்றாள்.
பூக்கவில்லை.
இன்னும் கொஞ்சம் நின்றாள்.

சோணைமுத்துவுக்கு
வலது கண்ணில் ஓரமாய் வெளிச்சம் மீண்டது.
மற்ற இருவரைப் பற்றி மதுரையில் கேளுங்கள்.

முதல் அறிக்கையைப் போலீஸ் வாங்கிப்போனது.
'இரண்டாம் மாதிரி: நிறம் இல்லை'
என்ற தாளை
யாரும் கேட்கவில்லை.
அது என் மேசை இழுப்பறையில், அந்த மூடியோடு.