செவ்வாய்க்கிழமைக் கடிதம்

வடக்கு ஃபின்லாந்து. டிசம்பர். காகித ஆலை.
காலை ஒன்பது மணிக்கும்
ஜன்னலில் இருட்டு அப்பியிருக்கிறது.
மேசையைச் சுற்றி நான்கு பேர்.
ஐந்தாவது நான், குறிப்பெடுப்பவள்.
குறிப்பெடுப்பவளை யாரும் எண்ணுவதில்லை.

ரைமோ கோக்கோ,
மூன்றாம் எந்திரம், உலர்த்தும் பகுதி,
பத்தொன்பது வருட வேலை.
இரவு மூன்று நாற்பதுக்குக்
கண்மூடி உட்கார்ந்திருந்தார் என்பது புகார்.
உருளையில் காகிதம் அறுந்து
ஆறு டன் மறுபடியும் கூழாயிற்று.
அதற்கு இறுதி எச்சரிக்கை.
இன்று மேல்முறையீடு.

சங்கத்தின் பிரதிநிதி தூலிக்கி
காபியை ஓரமாக நகர்த்திவிட்டுக்
கோப்பைத் தன் பக்கம் திருப்பினாள்.
"கடிதத்தில் தேதி என்ன?"

செவ்வாய்.

"அவரைக் கூப்பிட்டுக் கேட்டது?"

வியாழன்.

மேலாளர் பென்டி தொண்டையைச் செருமினார்.
கணினி தானாகப் போட்ட தேதி என்றார்.
நடைமுறைப் பிழை, அதுவும் சின்னது.

அந்தக் கடிதத்தை அடித்தது நான்.
செவ்வாய் மாலை, ஒரு கை கோட்டுக்குள் நுழைந்தபிறகு
கழற்றிவிட்டு வந்து அடித்தேன்.
'தங்கள் விளக்கத்தைக் கவனமாகப் பரிசீலித்த பிறகு'
என்ற வரியையும் சேர்த்துத்தான்.
விளக்கம் அப்போது
அவர் வாய்க்குள்ளேயே இருந்தது.

தலைமை வகித்த ஹெல்வி ரன்தா
வேறு ஆலையிலிருந்து வந்தவர்.
இங்கே யாருடனும் ஒருவாய் சோறு உண்டதில்லை.
சட்டென்று என் பக்கம் திரும்பினார்.
"கணினி தேதியை மாற்றுமா?"

"மாற்றாது" என்றேன்.
அந்தச் சொல்லையும் குறிப்பில் எழுதினேன்,
என் பெயரைப் போட்டு.

ரைமோ அதுவரை
முழங்காலில் தொப்பியைச் சுற்றிக்கொண்டிருந்தார்.
"தூங்கினேன்" என்றார்.
தூலிக்கி அவர் கையைத் தொட்டாள்; அவர் நிறுத்தவில்லை.
"நாலு நிமிஷம். ஐந்தும் இருக்கலாம்.
தொடர்ந்து ஏழாவது இரவு அது.
என்னைப் பற்றி எல்லோரையும் விசாரித்தீர்கள்.
என்னை யாரும் விசாரிக்கவில்லை."

கடிதம் ரத்து.
இரண்டு வாரம் கழித்து முதலிலிருந்து தொடங்கினார்கள்.
பென்டி இல்லாத மேசை.
ஷிப்டு அட்டவணை வந்தது: ஏழு இரவு, ஒரே பெயர்,
கீழே பென்டியின் கையெழுத்து.
முடிவில் ரைமோவுக்கு எச்சரிக்கைதான்,
'இறுதி' என்ற சொல் மட்டும் போயிருந்தது.
அட்டவணை போட்ட கைக்கு ஒன்றும் இல்லை.
நியாயம் என்று இதைச் சொல்ல எனக்கு நாக்கு வராது.
ஆனாலும் அந்தப் பழைய வரியை
மறுபடி அடித்தபோது
விரல் கூசவில்லை.

பென்டி இப்போது
லிஃப்டில் நான் நின்றால் மாடிப்படி ஏறுகிறார்.
நான்கு மாடி. கைப்பிடியைப் பிடித்துப் பிடித்து.
நேற்று நிறுத்தி விசாரித்தேன்:
முழங்கால் எப்படி இருக்கிறது?